மனம் உருகினது, கால் நகர்ந்ததா?

  

நம் சபைகளில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை நன்றாய்ப் பழகிப்போயிருக்கிறது. "மூவ்" என்கிற வார்த்தைதான். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, "பிரதர், இன்னைக்கு பயங்கர மூவ்" என்கிறோம். "ஆவியானவர் மூவ் பண்ணார் பாருங்க, யாராலயும் உக்கார முடியல" என்கிறோம். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷே படிக்காத அம்மாமாரும் இந்த வார்த்தையைச் சொல்லுகிறார்கள். சொல்லட்டும், தப்பில்லை. ஆனால் அந்த வார்த்தைக்குள் கர்த்தர் நமக்கு என்ன வைத்திருக்கிறார் என்று இந்த மாதம் தியானிப்போம்.

ஒரே வேர், இரண்டு வேலை

இங்கிலீஷில் மூவ் என்றால் நகருவது. பஸ் நகர்ந்தாலும் மூவ், படகு நகர்ந்தாலும் மூவ். அதே வார்த்தையை மனசுக்கும் சொல்லுவார்கள். ஒரு சாட்சியைக் கேட்டு மனம் உருகினால், "ஐ வாஸ் மூவ்ட்" என்பார்கள். கால் நகருவதற்கும் மனம் உருகுவதற்கும் ஒரே சொல்!

இது லத்தீன் பாஷையிலிருந்து வந்த சொல். நகருதல் என்கிற அந்த ஒரே வேரிலிருந்துதான் மோஷன் வந்தது. உணர்ச்சியைக் குறிக்கிற எமோஷன் என்ற சொல்லும் அதிலிருந்துதான் வந்தது. நம் ஆட்கள் படகில் மாட்டுகிற மோட்டாரும் அதே வேர். உங்கள் பையில் இருக்கிற மொபைலும் அதே வேர்தான். எல்லாம் ஒரு தாய் பிள்ளைகள்.

நம் கடற்கரையில் தினமும் பார்க்கிற ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன். ஃபைபர் படகைக் கரை மணலில் வைத்துக்கொண்டே மோட்டாரைப் போட்டால் என்ன ஆகும்? சத்தம் ஊரைத் தூக்கும். புகை வரும். காற்றாடி காற்றில் சுற்றும். படகு ஒரு அடி நகருமா? நகராது. மீனும் வராது, டீசல்தான் போகும். தண்ணீருக்குள் இறங்கினால்தான் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம்.

பிரியமானவர்களே, எமோஷன் என்பது மோட்டார். அது படகை நகர்த்துவதற்காகக் கொடுக்கப்பட்டது.

தமிழ் வேதாகமத்தில் எத்தனை சொற்கள்!

இங்கிலீஷ் வேதாகமத்தில், முக்கியமாய் 1611-ல் வந்த பழைய ஜேம்ஸ் ராஜா மொழிபெயர்ப்பில், பல இடங்களில் மூவ் என்று இருக்கிறது. அவற்றுக்கு நம் தமிழ் வேதாகமம் இடத்துக்கு இடம் வேறு வேறு சொல் கொடுத்திருக்கிறது.

ஆதியாகமம் 1:2-ல் ஆவியானவர் ஜலத்தின்மேல் மூவ் ஆனார் என்பதற்கு நம் வேதத்தில் "அசைவாடி" என்ற சொல். உபாகமம் 32:11-ல் கழுகு தன் குஞ்சுகளின்மேல் செய்கிற காரியத்துக்கும் தமிழில் அதே "அசைவாடி"தான். எபிரெயு மூலத்திலும் இந்த இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல். ஆக, ஆவியானவரின் அசைவு சும்மா காற்றடிக்கிற அசைவு இல்லை. தாய்ப்பறவை குஞ்சுக்காகச் சிறகடிக்கிற அசைவு. அந்தச் சிறகில் பாசம் இருக்கிறது. அந்தப் பாசத்தில் வேலையும் இருக்கிறது. அடுத்த வசனத்திலேயே வெளிச்சம் பிறந்துவிட்டது!

நியாயாதிபதிகள் 13:25-ல் சிம்சோனை ஆவியானவர் மூவ் பண்ணத் தொடங்கினார் என்ற இடத்தில் தமிழில் "ஏவ" என்று இருக்கிறது. ஏவுவது என்றால் என்ன? வேலைக்கு அனுப்புவது.

இயேசு ஜனங்களைக் கண்டு மூவ் ஆனார் என்கிற இடங்களில் தமிழில் "மனதுருகி" என்று வாசிக்கிறோம். இங்கே கிரேக்க பாஷையில் உள்ள சொல் குடலைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது. கேட்பதற்கு விநோதமாய் இருக்கிறதா? நமக்கு இது புதிதே இல்லை. பிள்ளை கடலுக்குப் போய் நேரத்துக்குத் திரும்பாவிட்டால் நம் தாய்மார் என்ன சொல்லுகிறார்கள்? "பெத்த வயிறு பதறுதே" என்கிறார்கள். அந்த வயிற்றுப் பதைப்புத்தான் நம் ஆண்டவருக்கு இருந்தது.

தமிழில் அசைதல் ஒரு சொல், ஏவுதல் ஒரு சொல், உருகுதல் ஒரு சொல். பாஷை வளமாய் இருப்பது நல்லதுதான். ஆனால் சொல் மூன்றாய் இருப்பதால் நாம் காரியத்தையும் மூன்றாய்ப் பிரித்துவிடக் கூடாது. உருகுவது ஞாயிற்றுக்கிழமைக்கு, ஏவப்படுவது ஊழியக்காரருக்கு, நகருவது வேறு யாருக்கோ என்று பங்குபோட்டுவிடக் கூடாது.

இயேசு உருகினார், உடனே...

சுவிசேஷங்களில் இயேசு மனதுருகின இடங்களை ஒவ்வொன்றாய் எடுத்துப் பாருங்கள்.

மத்தேயு 9:36-ல் மேய்ப்பனில்லாத ஆடுகள்போல இருந்த ஜனங்களைக் கண்டு உருகினார். அடுத்த அதிகாரத்தில் பன்னிரண்டு பேரை அனுப்பிவிட்டார். மத்தேயு 14:14-ல் உருகினார். வியாதியஸ்தரைக் குணமாக்கினார், சாயங்காலம் ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டார். மத்தேயு 20:34-ல் உருகினார். இரண்டு குருடரின் கண்களைத் தொட்டார். மாற்கு 1:41-ல் உருகினார். யாரும் தொடாத குஷ்டரோகியைக் கை நீட்டித் தொட்டார். லூக்கா 7-ல் நாயீன் ஊர் விதவையைப் பார்த்து உருகினார். போய்ப் பாடையையே தொட்டார்.

கவனித்தீர்களா? உருகினார் என்று முடிகிற இடம் ஒன்றுகூட இல்லை. உருகின உடனே கை நீளுகிறது, கால் நகருகிறது, யாரோ ஒருவர் எழுந்து நடக்கிறார்.

அவர் சொன்ன உவமைகளும் அப்படித்தான். லூக்கா 10-ல் காயப்பட்டவனை மூன்று பேர் பார்த்தார்கள். மூன்று பேருக்கும் கால் நகர்ந்தது! ஆசாரியனுக்கும் லேவியனுக்கும் கால் நகர்ந்தது, மனம் நகரவில்லை; அதனால் அந்தக் கால் ஒதுங்கிப் போகத்தான் உதவியது. சமாரியனுக்கு மனமும் நகர்ந்தது, காலும் நகர்ந்தது. கிட்டே வந்தான், காயத்தைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான், இரண்டு பணத்தையும் எடுத்துக் கொடுத்தான். எண்ணெய், திராட்சரசம், வாகனம், காசு, நேரம் என்று அத்தனையும் நகர்ந்தது. அதுதான் மூவ்!

நம் திண்டிவனத்தில் ஒரு ராத்திரி

இது வேதகாலத்தோடு முடிந்துபோன காரியம் இல்லை. பஸ் ஏறினால் போய்விடக்கூடிய நம் திண்டிவனத்திலேயே நடந்த ஒரு சரித்திரத்தைச் சொல்லுகிறேன். வாலிபப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1890-களின் முதற்பகுதி. அன்றைக்குத் திண்டிவனம் தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. அங்கே ஆற்காடு மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜான் ஸ்கட்டர் ஊழியம் செய்துகொண்டிருந்தார். அவர் தகப்பனாரும் 1819-ல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு இலங்கைக்கு வந்த மிஷனரி டாக்டர். இந்தக் குடும்பத்தில் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த மகள்தான் ஐடா ஸ்கட்டர். அமெரிக்காவில் படிப்பை முடித்து, தாயார் சுகமில்லாமல் இருந்ததால் கூடமாட உதவி செய்யத் திண்டிவனத்துக்கு வந்திருந்தார். மிஷனரி ஆகிற எண்ணமே அவருக்கு இல்லை. திரும்பிப் போய்ச் சௌகரியமாய் வாழவேண்டும் என்பதே அவர் திட்டம்.

ஒரு ராத்திரி கதவு தட்டப்பட்டது. ஒரு பிராமண வாலிபர் நின்றார். மனைவிக்குப் பிரசவம் கஷ்டமாகிவிட்டது, நீங்கள் வந்து உதவ வேண்டும் என்று ஐடாவிடம் கேட்டார். நான் டாக்டர் இல்லை, என் அப்பா வருவார் என்று ஐடா சொன்னார். ஆண் டாக்டர் அந்தப் பெண்ணைப் பார்ப்பது அன்றைய வழக்கத்தில் கூடாத காரியம். அந்த மனிதர் துக்கத்தோடு திரும்பிப் போனார். அதே ராத்திரி ஒரு முஸ்லிம் மனிதர் வந்தார். அதே வேண்டுதல், அதே பதில். மூன்றாவதாக இன்னொரு இந்து மனிதர். அதே காரியம். மூன்று பேரும் வெறுங்கையாய்த் திரும்பினார்கள். விடிந்ததும் செய்தி வந்தது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். சாவு மேளம் அவர் காதிலும் விழுந்தது.

ஐடா அறைக்குள் போய் ஜெபித்தார், அழுதார். பிரியமானவர்களே, இங்கேதான் கவனிக்க வேண்டும். அழுகையோடு நின்றிருந்தால் நாம் இன்றைக்கு அவர் பேரைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டோம். அவர் அறையை விட்டு வெளியே வந்து, நான் டாக்டருக்குப் படித்துவிட்டு இந்த நாட்டுப் பெண்களுக்காகத் திரும்பி வருவேன் என்று தாய் தகப்பனிடம் சொன்னார். கப்பல் ஏறினார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1900-ன் தொடக்கத்தில் இந்தியாவுக்குத் திரும்பினார். வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு சிறிய மருத்துவமனை துவங்கினார். 1902-ல் 40 படுக்கை உள்ள ஆஸ்பத்திரி எழும்பியது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் வளர்ந்து இன்றைக்கு வேலூர் சி.எம்.சி. ஆக நிற்கிறது. 1960-ல் கொடைக்கானலில் 89 வயதில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடையும் வரைக்கும் அந்த ஒரு ராத்திரியின் கண்ணீர் நடந்துகொண்டே இருந்தது.

நம் சபையில் எத்தனை பேர் வேலூருக்குப் போய்ச் சுகமடைந்து வந்திருக்கிறார்கள்! அந்த ஆஸ்பத்திரிக்கு விதை விழுந்தது நம் திண்டிவனத்தில்.

"பாஸ்டர், அவங்க நம்ம மாதிரி அபிஷேகக் கூட்டம் இல்லையே" என்று ஒருவர் கேட்கலாம். சரி. அபிஷேகத்துக்கும் ஒரு சரித்திரம் சொல்லுகிறேன். அமெரிக்காவில் அசூசா தெரு எழுப்புதல் 1906-ல். அதற்கு 46 வருஷத்துக்கு முன்பே, 1860-ல், நம் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் என்கிற தமிழ் ஊழியர் மத்தியில் பெரிய எழுப்புதல் உண்டானது. பாவ உணர்வடைந்து அழுதார்கள், அந்நியபாஷை பேசினார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். அதோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்களா? சம்பளம் வாங்காத சாதாரண விசுவாசிகள், பெண்களும்கூட, ஊர் ஊராய்ச் சுவிசேஷம் சொல்லப் புறப்பட்டார்கள். நாவு அசைந்தது, காலும் அசைந்தது. அதுவும் அபிஷேகம்தான்!

தண்ணீர் அசைந்தது, மனுஷன் அசையவில்லை

இப்போது நம் வீட்டுக் காரியத்துக்கு வருகிறேன். போன மூன்று நாள் கூட்டத்தின் கடைசி ராத்திரி. கர்த்தர் மகிமையாய் இறங்கினார். சிறு பிள்ளைகள்கூட அழுதார்கள். எல்லாரும் கலைந்து போனபிறகு ஒரு சகோதரி கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்காரர் கை கால் விழுந்து மூன்று மாதமாய்ப் படுக்கையில் இருக்கிறார். கடலுக்குப் போகிற ஆள் படுத்துவிட்டால் அடுப்பும் படுத்துவிடும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சகோதரி என்னிடம் சொன்னது இது:

"ஐயா, கூட்டம் நல்லா இருந்துச்சு. எல்லாரும் அழுதாங்க, நானும் அழுதேன். நீங்களும் அம்மாவும் வீட்டுக்கு வந்து ஜெபிச்சீங்க. ஆனா மூணு மாசமா சபையில வேற ஒரு ஆள் எங்க வாசப்படி மிதிக்கல ஐயா. எம்பொண்ணு ஸ்கூலுக்குப் போறத நிறுத்திட்டா. அதுவும் யாருக்கும் தெரியாது."

பெயர் வேண்டாம். எந்த வீடு என்று யாரும் தேடிப் பேச வேண்டாம். நம் சபையில் அப்படி ஒரே வீடுதான் என்று நினைத்தும் விட வேண்டாம்.

அன்று ராத்திரி யோவான் 5-ம் அதிகாரம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. பெதஸ்தா குளத்தில் எல்லாரும் தண்ணீர் மூவ் ஆவதற்காகக் காத்துக்கிடந்தார்கள். முப்பத்தெட்டு வருஷம் வியாதியாய்க் கிடந்தவன் இயேசுவிடம் என்ன முறையிட்டான்? தண்ணீர் அசையவில்லை என்றா? இல்லை! தண்ணீர் அசைகிறது, என்னைத் தூக்கிக் கொண்டுபோய் விட ஒரு ஆள் இல்லை என்றான். தண்ணீர் அசைந்தது, மனுஷன் அசையவில்லை. கூட்டத்தில் தண்ணீர் கலங்குகிறது, ஸ்தோத்திரம். கரையில் கிடக்கிறவரைத் தூக்க யார் இருக்கிறார்கள்?

எசேக்கியேல் 33-ம் அதிகாரத்தின் கடைசியில் கர்த்தர் தீர்க்கதரிசியிடம் வேதனையோடு ஒரு காரியம் சொல்லுகிறார். ஜனங்கள் கூடிவருகிறார்கள், உன் வார்த்தை அவர்களுக்கு நல்ல பாட்டுக் கச்சேரிமாதிரி இனிக்கிறது, ஆனால் அதன்படி செய்கிறதில்லை என்கிறார். நம் கூட்டமும் அப்படி ஆகிவிடக் கூடாது.

மணல் சொல்லுகிற பிரசங்கம்

நம் பொம்மையார்பாளையம் கடற்கரையைப் பாருங்கள். பெரியவர்களுக்குத் தெரியும், ஒரு காலத்தில் எவ்வளவு அகலமான மணல் இருந்தது. நம் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுபோகிறது. தெற்கே இருக்கிற ஊர் மணல் நமக்கு வரும், நம் மணல் அடுத்த ஊருக்குப் போகும். 1980-களில் புதுச்சேரியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்டினார்கள். மணல் அந்தச் சுவருக்குத் தெற்கே குவிந்தது. வடக்கே இருந்த கரைகளுக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் அரித்தது, வீடுகள் போயின, படகு நிறுத்தவும் வலை காயப்போடவும் இடம் குறைந்தது. தூண்டில் வளைவு போட்டு ஒரு இடத்தைக் காப்பாற்றினால், அதற்கு வடக்கே அரிப்பு போகிறது.

ஓடவேண்டியதை ஒரு இடத்தில் நிறுத்தினால் அங்கே மேடு, அடுத்த இடத்தில் பள்ளம். ஆசீர்வாதமும் அப்படித்தான். கர்த்தர் கூட்டத்தில் நம்மை உருகப்பண்ணுகிறது பக்கத்து வீடு வரைக்கும் அது போகவேண்டும் என்பதற்காக. நாம் நமக்குள்ளேயே சுவர் கட்டிவிட்டால், நம் பக்கத்தில் சாட்சி குவியும், பாட்டு குவியும், கண்ணீர் குவியும். அந்தப் பக்கம் ஒரு குடும்பத்தைக் கடல் அரித்துக்கொண்டிருக்கும்.

எதற்கு அசைய வேண்டும், எதற்கு அசையக் கூடாது

ஒரு எச்சரிப்பும் சொல்ல வேண்டும். உள்ளே ஏதாவது கொதித்தால் அது எல்லாம் ஆவியானவர் என்று நினைக்காதிருங்கள். அப்போஸ்தலர் 7:9-ல் யோசேப்பின் சகோதரர் "பொறாமைகொண்டு" அவனை விற்றார்கள். பழைய இங்கிலீஷ் வேதத்தில் அங்கேயும் மூவ் என்ற சொல்தான்! பொறாமையும் ஆளை நகர்த்தும். கோபமும் நகர்த்தும். எது நம்மை நகர்த்துகிறது, எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று சோதித்துப் பாருங்கள். ஆவியானவர் நகர்த்தினால் விழுந்தவனிடம் கொண்டுபோவார். பொறாமை நகர்த்தினால் விழுந்தவனை விற்கக் கொண்டுபோகும்.

இன்னொன்று. வேதம் அசையாதிருக்கவும் சொல்லுகிறது. சங்கீதம் 16:8, 1 கொரிந்தியர் 15:58, 1 தெசலோனிக்கேயர் 3:3 இவற்றை வாசியுங்கள். உபத்திரவத்திலே அசைக்கப்படக் கூடாது. அப்படியானால் அசைய வேண்டுமா, கூடாதா?

அப்போஸ்தலர் 20-ம் அதிகாரத்தில் பவுல் இதற்குப் பதிலாய் நிற்கிறார். 24-ம் வசனத்தில் தனக்கு வரப்போகிற கட்டும் உபத்திரவமும் தன்னை ஒன்றும் அசைக்காது என்கிறார். அதே அதிகாரம் 31-ம் வசனத்தில் மூன்று வருஷம் இரவும் பகலும் மற்றவர்களுக்காகக் கண்ணீரோடு பிரயாசப்பட்டதைச் சொல்லுகிறார். தன் கஷ்டத்துக்கு அசையாத மனுஷன், அடுத்தவர் ஆத்துமாவுக்கு அசைந்தார்.

நாம் இதைத் தலைகீழாய்ப் புரட்டிவிடுகிறோம். நம்மை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் மூன்று வாரம் சபைக்கு வரமாட்டோம். பக்கத்து வீட்டில் மூன்று மாதம் அடுப்பு எரியாவிட்டாலும் நம் தூக்கம் கலையாது. பிரியமானவர்களே, மாற்றிப்போடுங்கள்! உன் பாடுக்குக் கல்தூணாய் நில். உன் சகோதரன் பாடுக்கு மெழுகாய் உருகு.

இந்த மாதம் செய்யவேண்டியது

அழாதிருங்கள் என்று நான் சொல்லவில்லை. கல் மனம் அழாது. கர்த்தர் கொடுக்கிற கண்ணீர் விலையேறப்பெற்றது. நெகேமியா எருசலேமின் நிலையைக் கேட்டு உட்கார்ந்து அழுதான், உபவாசித்தான், ஜெபித்தான். பிறகு எழுந்து ராஜாவிடம் போனான், எருசலேமுக்குப் பிரயாணப்பட்டான், அலங்கம் கட்டினான். அழுகை முதல் அதிகாரம். புத்தகத்தில் பதின்மூன்று அதிகாரம் இருக்கிறது!

ஆகையால் அடுத்த உபவாச ஜெபத்துக்கு வருமுன் மூன்று காரியம்.

ஒன்று: ஒரு வீடு. நீங்கள் இதுவரைக்கும் வாசல் மிதிக்காத ஒரு விசுவாசியின் வீட்டுக்குப் போங்கள். பிரசங்கம் பண்ண வேண்டாம். உட்கார்ந்து, "எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். பிறகு ஜெபியுங்கள்.

இரண்டு: ஒரு நாள். ஜிப்மருக்குத் தனியாய்ப் போய் வரிசையில் நிற்கிற முதியவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். ஒரு நாள் வேலையை விட்டு ஒருவருக்குத் துணையாய்ப் போங்கள். வாலிபர்களே, பைக் வைத்திருக்கிறீர்களே, சமாரியனின் வாகனம் இதுதான்.

மூன்று: ஒரு பிள்ளை. படிப்பை நிறுத்தின பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று தாய்மார் சங்கம் விசாரித்துச் சொல்லுங்கள். திரும்பச் சேர்க்க என்ன செலவு என்று கணக்குப் பார்ப்போம். சபையார் ஆளுக்குக் கொஞ்சமாய்த் தாங்குவோம். கொடுத்தவர் பெயர் மேடையில் வாசிக்கப்படாது. கர்த்தர் அறிவார்.

அடுத்த கூட்டத்தில் "ஆவியானவர் மூவ் பண்ணார்" என்று யாராவது சாட்சி சொன்னால், எங்கே கொண்டுபோனார் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தச் சாட்சியைக் கேட்க நான் ஆவலாய் இருக்கிறேன்.

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, ஆதியிலே ஜலத்தின்மேல் அசைவாடின உம்முடைய ஆவியானவர் எங்கள் உள்ளங்களின்மேல் அசைவாடட்டும். எங்கள் கண்ணீருக்குக் கால் தாரும் ஆண்டவரே. எங்களுக்குள் இருக்கிற கல் சுவர்களை இடித்துப்போடும். படுக்கையில் இருக்கிற அந்தச் சகோதரனைத் தொடும்; அந்தப் பிள்ளையின் படிப்பை நீர் பார்த்துக்கொள்ளும், அதற்கு எங்கள் கைகளை எடுத்துப் பயன்படுத்தும். உம்முடைய வருகைமட்டும் பாடுகளில் அசையாதவர்களாயும், பாடுபடுகிறவர்களுக்காய் அசைகிறவர்களாயும் எங்களைக் காத்துக்கொள்ளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.

கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. மாரநாதா!

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் அன்பு சகோதரனும் போதகனும்,
பொம்மையார்பாளையம்.